டேல்ஸில் எதை வெட்டுவது?

ப்ராக் (ப்ரோக்ரஸிவ் ராக்) ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் சண்டை வராமல் இருக்காது. ஆனால் பெரும்பாலான சண்டைகள் சும்மா. கிங் க்ரிம்சனின் முதல் ஆல்பம் பெரிதா 'ரெட்' பெரிதா, ஜெனிசிஸில் 'ஃபாக்ஸ்ட்ராட்' மேலா 'செல்லிங் இங்லண்ட் பை தி பவுண்ட்' மேலா என்று விடிய விடியப் பேசலாம். பேசுகிற இருவருமே இரண்டையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். யார் ஜெயித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. குரல் நிஜமாகவே ஏறுவது யெஸ் குழு 1973 டிசம்பரில் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' பேச்சு வந்தால்தான். இரட்டை எல்பி, அதாவது இரண்டு இசைத்தட்டு. நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு, மொத்தம் 80 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ராக் இசை தொட்ட சிகரம் என்பார் ஒருவர். ராக் இசைக்குத் தலைக்கனம் பிடித்ததற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது என்பார் அடுத்தவர். நடுவில் நிற்கிறவர்கள் குறைவு. நான் பல வருடங்களாக அந்த நடுவில்தான் நிற்கிறேன். அங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும்.

எங்கள் கூட்டம் சின்னது. கல்லூரி விடுதியில் கேசட் மாற்றிக்கொண்ட பழக்கம். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் பேச்சு மட்டும் ஓயவில்லை. அதில் ஒருவன் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். நீண்ட இசைத் துண்டுகளை விளம்பரப் படத்துக்கு ஏற்ற மாதிரி அரை நிமிடத்துக்கு வெட்டிக் கொடுப்பது அவன் தொழில். "பாதிக்கு மேல இழுவைடா. நல்ல நாப்பது நிமிஷம் உள்ள இருக்கு. மத்ததெல்லாம் அதைத் தேடுற நேரம்" என்பது டேல்ஸ் பற்றி அவன் தீர்ப்பு. "முழுசா உக்காந்து கேட்டாத்தான் புரியும்" என்பது ஆதரவாளர்களின் வழக்கமான பதில். அந்தப் பதில் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. எந்த மட்டமான படத்துக்கும் அதைச் சொல்லித் தப்பித்துவிடலாம்.

83ஆம் பக்கத்து அடிக்குறிப்பு

இந்த ஆல்பம் பிறந்த கதையில் நமக்குத் தெரிந்த வாசனை ஒன்று உண்டு. 1973 மார்ச் தொடக்கத்தில் ட்ரம்மர் பில் ப்ரூஃபர்டுக்குக் கல்யாணம். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தின் பதிவு முடிந்த கையோடு யெஸ்ஸை விட்டுவிட்டு கிங் க்ரிம்சனுக்குப் போனவர் அவர். க்ரிம்சனில் அவரோடு தாளவாத்தியம் வாசித்த ஜேமி மியூர், கல்யாணத்துக்கு வந்த யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனிடம் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் பற்றிப் பேசினார். (மியூர் கொஞ்ச நாளில் இசையையே விட்டுவிட்டு ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடாலயத்துக்குப் போய்விட்டார். சொன்னதைச் செய்த மனிதர்.) அதே மாதம் டோக்கியோவில் ஹோட்டல் அறையில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஆண்டர்சன் 83ஆம் பக்கத்தில் ஒரு நீண்ட அடிக்குறிப்பில் மாட்டிக்கொண்டார். இந்து சாஸ்திரங்களைச் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நான்காக வகுத்துச் சொல்லும் குறிப்பு. நான்கு சாஸ்திரம், நான்கு பக்கம், நான்கு பாட்டு என்று கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

நம் ஊரில் எத்தனையோ வீட்டு அலமாரியில் இருக்கிற புத்தகம் அது. படித்தவர்கள் பலருக்கும் பாபாஜி நினைவிருப்பார், காசி நினைவிருக்கும், உறங்காத துறவி நினைவிருப்பார். ஓர் அடிக்குறிப்பை எடுத்துக்கொண்டு இரட்டை எல்பி போடலாம் என்று இங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. அதற்கு வெளியாள்தான் வேண்டும். வேதமும் தந்திரமும் ஆளுக்கு 20 நிமிடம் என்று சரிசமமாகப் பங்கு போட்டுக்கொள்வதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். பாட்டு வரிகளில் தேடினால் சாஸ்திரம் ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. மூன்றாம் பக்கத்தில் ஆண்டர்சன் சூரியனின் பெயரைப் பல மொழிகளில் ஓதுவார், 'சூர்யா' உட்பட. மற்றபடி எல்லாம் அவருடைய வழக்கமான சொல் விளையாட்டு. அதனால் இதை இந்தியத் தத்துவ ஆல்பம் என்று தூக்கிப்பிடிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அந்த அடிக்குறிப்பு அவருக்குக் கொடுத்தது நான்கு என்ற எண்ணை மட்டும்தான்.

சிக்கலும் அந்த எண்ணில்தான். எல்பியின் ஒரு பக்கத்தில் சௌகரியமாக 20, 22 நிமிடம் கொள்ளும். அதற்கு மேல் போனால் சுற்றுவரிகளை நெருக்கிப் போட வேண்டும், சத்தம் இறங்கும், பாஸ் மெலியும். எழுபதுகளின் ப்ராக் காவியங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருப்பதற்குப் பின்னால் ஞானம் எதுவும் இல்லை, இந்தப் பிளாஸ்டிக்தான் இருக்கிறது. ஆனால் 1972இல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பாட்டு பதினெட்டே முக்கால் நிமிடத்தில் முடிகிறது. லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் துண்டு துண்டாக வாசித்து, ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்ட் டேப்பை வெட்டி ஒட்டி உருவான பாட்டு அது. விஷயம் தீர்ந்த இடத்தில் நின்றது. டேல்ஸில் நீளத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் இசையைத் தேடினார்கள். ஆண்டர்சனும் கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ஹவும் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஹோட்டல் அறைகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். ஜார்ஜியாவின் சவானா நகரத்தில் ஓர் இரவு ஆறு மணி நேரம் உட்கார்ந்து, காலை ஏழு மணிக்குள் நான்கு பாட்டுக்கும் சட்டகம் போட்டு முடித்ததாக ஆல்பத்தின் உறையிலேயே பெருமையாக எழுதியிருக்கிறார்கள். மிச்சம் மூன்று பேருக்கும் சட்டகம் கையில் கொடுக்கப்பட்டது.

வேக்மனின் புகார்

அந்த மூன்று பேரில் வாய்விட்டுப் புகார் சொன்னவர் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன். ஒரு எல்பிக்கு அதிகமாகவும் இரண்டு எல்பிக்குக் குறைவாகவும் சரக்கு இருந்தது, அதனால் இட்டு நிரப்பினோம் என்று அன்றிலிருந்து இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆல்பத்தைத் திட்டுகிறவர்களுக்கு இது பிரம்மாஸ்திரம். வாசித்தவரே சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன?

பதிவு நடந்த சூழலும் அவர் பக்கம்தான் பேசுகிறது. நடுக்காட்டில் இரவில் பதிவு செய்யலாம் என்று ஆண்டர்சன் ஆசைப்பட்டார். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாததால் லண்டன் வில்ஸ்டனில் மோர்கன் ஸ்டூடியோ என்று முடிவானது. வேடிக்கையாகவோ சமாதானமாகவோ அங்கே வைக்கோல் கட்டுகளும் அட்டையில் வெட்டிய மாடுகளும் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. குளியலறை எதிரொலி வேண்டும் என்பதற்காக ஓடு பதித்த ஒரு கூண்டும் கட்டினார்கள். அதே கட்டடத்தில் இன்னொரு பக்கம் ப்ளாக் சபாத் பதிவு செய்துகொண்டிருந்தது. வேக்மன் நழுவிப் போய் அவர்கள் பாட்டு ஒன்றுக்குக் கீபோர்டு வாசித்துவிட்டு, சம்பளமாக பீர் வாங்கிக்கொண்டார். அடுத்தது மான்செஸ்டர் கதை. மேடையில் டேல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆர்கன் அடியில் படுத்திருந்த உதவியாள் கச்சேரி முடிந்ததும் என்ன சாப்பாடு என்று கேட்டார். வேக்மன் சிக்கன் விண்டாலூ, அப்பளம் என்று பட்டியல் சொன்னார். உதவியாள் அரைகுறையாகப் புரிந்துகொண்டு உடனே வாங்கி வந்துவிட, வேக்மன் கீபோர்டு மேலேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். இதை அவரே பல மேடைகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். யோகானந்தரிடமிருந்து வந்த ஆல்பத்துக்கு விண்டாலூ நைவேத்தியம்.

கிண்டலை விட்டுவிட்டுப் பார்த்தால் அவர் நிலை பரிதாபமானது. 1973 நவம்பரில் இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் தொடங்கியபோது ஆல்பம் கடைக்கே வரவில்லை. வந்த கூட்டத்துக்கு ஒரு ஸ்வரம்கூடப் பழக்கமில்லாத 80 நிமிடத்தை முழுசாக வாசித்துக் காட்டினார்கள். பத்திரிகைகள் கிழித்தன. ஆல்பம் என்னவோ பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் ஆறாவது இடம். 1974 மே மாதம் வேக்மன் விலகினார். அதே மாதம் அவருடைய சொந்த ஆல்பமான 'ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்' பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. அதிலும் இட்டு நிரப்பிய இடங்கள் உண்டு. அதை மட்டும் அவர் சொல்வதில்லை.

நாற்பது நிமிட டேல்ஸ்

போன வருடம் அந்த ஒலிப்பதிவுக் கூடத்து நண்பன் வாய்ச்சண்டையை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினான். 80 நிமிடத்தை நாற்பத்திச் சொச்சமாக வெட்டி, "கேட்டுட்டுப் பேசு" என்று ஒரு வரியோடு எனக்கு அனுப்பினான். தொழில்காரன் கை. எங்கே வெட்டினான் எங்கே ஒட்டினான் என்று மூலத்தை அறியாதவர்களுக்குக் கொஞ்சமும் தெரியாது. முதல் பக்கத்தின் ஆரம்ப ஓதலும் முக்கியமான மெட்டும் இருந்தன, நடுவில் திரும்பத் திரும்ப வருவது போய்விட்டது. இரண்டாம் பக்கத்தில் மூன்று நிமிடம் மட்டும் மிச்சம். மூன்றாம் பக்கத்தில் கடைசியில் வரும் 'லீவ்ஸ் ஆஃப் க்ரீன்' பகுதி. நான்காம் பக்கத்தில் தொடக்கம், அப்புறம் பாஸும் தாளமும் வெறிபிடித்து ஆடும் இடத்தைத் தாண்டி நேராகக் கடைசி மெல்லிசை.

முதல் பக்கத்தைக் கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது, ஏனென்றால் நன்றாக இருந்தது. மூலத்தைவிட நன்றாக இருந்தது. ரசிகர்களில் பாதிப்பேர் ஆல்பத்தின் மகுடம் என்று சொல்லும் பக்கம் அதுதான், அதிலேயே இத்தனை கொழுப்பு கழிகிறது. சரி, அவன் சொல்வதுதான் சரிபோல என்று நினைத்துக்கொண்டே மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன்.

மூலத்தில் அந்தப் பக்கத்துப் பாட்டான 'தி ஏன்ஷியன்ட்' எப்படிப் போகும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். முதல் 12 நிமிடம் ஹவின் ஸ்டீல் கிதார் கிறீச்சிடும், ப்ரூஃபர்டு இடத்துக்கு வந்த ட்ரம்மர் ஆலன் ஒயிட் உலோகத்தைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே இருப்பார், தாளம் ஒரு இடத்தில் நிற்காது. டேல்ஸை வெறுக்கிறவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது இந்த 12 நிமிடத்தைத்தான். அதற்குப் பின்னால் நைலான் கம்பிக் கிதாரில் லீவ்ஸ் ஆஃப் க்ரீன் வரும். நண்பனின் வடிவத்தில் அது மட்டும் தனியாக வந்தது. அழகான மெட்டு, சுத்தமான வாசிப்பு, ஆறு நிமிடம். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஹவ் தனியாக வாசித்த எத்தனையோ இனிமையான துண்டுகளில் இதுவும் ஒன்று என்று கடந்துபோனது. இதே இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். நான்காம் பக்கத்திலும் அதே கதை. மூலத்தில் ஒயிட்டோடு பாஸ் வாசிக்கும் க்ரிஸ் ஸ்கொயரும் ஆண்டர்சனும் சேர்ந்துகொண்டு மோதித் தள்ளும் அந்தத் தாளப் பகுதி ஓய்ந்த பிறகுதான் 'நூ சோம் து சொலேய்' (நாம் சூரியனுக்குரியவர்கள்) என்ற பிரெஞ்சுப் பல்லவி மறுபடி மெதுவாக எழும். வெட்டிய வடிவத்தில் அது வெறும் காதல் பாட்டு. வானொலியில் இரவு பதினொரு மணிக்குப் போடுவார்களே, அந்த வகை.

இதை அவனிடம் சொன்னபோது அவன் கேட்ட கேள்விதான் என்னைப் பல நாள் விடவில்லை. "சரி, கரடுமுரடா இருந்தாத்தான் இனிமை எடுபடும். ஒத்துக்கறேன். அதுக்கு அஞ்சு நிமிஷம் போதுமே, பன்னெண்டு எதுக்கு?" நல்ல கேள்வி. முரண் மட்டும்தான் விஷயம் என்றால் ஐந்து நிமிடம் தாராளம். கேட்டதோடு நிற்காமல் மூன்றாம் பக்கத்தின் முன்பகுதியைப் பாதியாக்கி இன்னொரு வடிவமும் அனுப்பினான். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஐந்தாறு நிமிடமாக இருக்கும்போது நாம் காத்திருக்கிறோம். இது முன்னுரை, சீக்கிரம் ஏதோ வரப்போகிறது என்று காது தெரிந்துவைத்திருக்கிறது. அது வரும்போது "ஆங், வந்துவிட்டது" என்று தோன்றுகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் எட்டாவது நிமிடமோ ஒன்பதாவது நிமிடமோ காத்திருப்பது நின்றுவிடுகிறது. இது இப்படியேதான் இருக்கும், இதுதான் பாட்டு என்று மனசு கைகழுவிவிடுகிறது. அதற்குப் பிறகு நைலான் கம்பி ஒலிக்கும்போது அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, ஏற்கெனவே நூறு தடவை கேட்டவன்கூட. சலிப்புதான் அங்கே கச்சாப்பொருள்.

ஆக, இட்டு நிரப்பினோம் என்று வேக்மன் சொல்வது பதிவு நடந்த விதத்தைப் பற்றிய உண்மை. அப்படி நிரப்பியது பாட்டுக்குள் என்ன வேலை செய்கிறது என்பது வேறு விஷயம், அதை முடிவு செய்ய வாசித்தவர் தேவையில்லை. முதல் பக்கத்தில் அது வெறும் இழுவை, வெட்டினால் லாபம். மூன்றிலும் நான்கிலும் அதை எடுத்தால் பாட்டே இல்லை. ரசிகர்கள் வழக்கமாகச் சொல்வது வேறு: ஒன்றும் நான்கும் பொன், இரண்டும் மூன்றும் பதர்.

கூட்டத்தில் இன்னொருவர், எங்களைவிட மூத்தவர், இதைக் கேட்டுவிட்டு, "உனக்கு சபாவில் உட்கார்ந்து பழகிய காது, தம்பி. ராகம் தானம் பல்லவி கேட்டவனுக்கு 20 நிமிடம் ஒரு பொருட்டா?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், ஆனால் அது பொருந்தாது. மார்கழியில் ஒரு வித்வான் தோடியை விரிக்கும்போது நீளம் மேடையில்தான் முடிவாகிறது. சபையின் முகத்தைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், குரல் ஒத்துழைக்கவில்லை என்றால் சுருக்கித் தானத்துக்குப் போய்விடுகிறார். நேற்று 40 நிமிடம் போன அதே ராகம் நாளை 15 நிமிடத்தில் நிற்கலாம். டேல்ஸில் அந்தச் சுதந்திரம் யாருக்கும் இருக்கவில்லை. அடிக்குறிப்பு நான்கு என்றது, எல்பி 20 என்றது, நடுவில் ஐந்து பேர். அதனால் கர்நாடக சங்கீதத்தைக் கூப்பிட்டு இந்த ஆல்பத்துக்கு வக்காலத்து வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. தவறான காரணத்துக்காகப் போட்ட நீளம் இரண்டு இடத்தில் சரியான பலன் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். அதற்குக் குழுவைப் பாராட்டுவதா அதிர்ஷ்டத்தைப் பாராட்டுவதா என்று கேட்டால், பாதிப் பாதி.

வேடிக்கை என்னவென்றால் யெஸ்ஸே பிற்காலத்தில் நண்பன் செய்ததைத்தான் செய்தது. 2016 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் டேல்ஸின் முதல் பக்கமும் நான்காம் பக்கமும் மட்டும். அடுத்த வருடம் வந்த மேடைப் பதிவில் இவை இரண்டோடு லீவ்ஸ் ஆஃப் க்ரீனும் தனியாக உண்டு. முன்னால் வரவேண்டிய அந்த 12 நிமிடம் இல்லை. கூட்டம் கைதட்டுகிறது. எனக்கு அது நண்பன் அனுப்பிய கோப்பு மாதிரியே இருக்கிறது. நண்பனோ என் பேச்சைக் கேட்டு மூன்றாம் பக்கத்தில் வெட்டியதை முழுசாகத் திரும்பச் சேர்த்துவிட்டான், நான்காம் பக்கத் தாளத்தையும் சேர்த்தான். அவனுடைய வடிவம் இப்போது ஒரு மணி நேரத்தை நெருங்குகிறது. ஒரு எல்பியில் அடங்காது.

இரண்டாம் பக்கம் மட்டும் அவனிடம் இன்னும் மூன்று நிமிடமாகவே கிடக்கிறது. 'தி ரிமெம்பரிங்'. 1974இல் குழுவே சுற்றுப்பயணத்தின் நடுவில் அதைக் கைவிட்டது, 2016இல் எடுக்கவே இல்லை. அடுத்த ஆல்பத்துக்குத் தலைப்பான 'ரிலேயர்' என்ற சொல் முதலில் வருவது இந்தப் பாட்டில்தான் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. இதில் மூன்றாம் பக்கத்தின் முரட்டுத்தனம் இல்லை, முதல் பக்கத்தின் ஆரவாரம் இல்லை. அதனால் நான் மேலே சொன்ன வாதம் எதுவும் இதைக் காப்பாற்றாது. இருந்தும் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் 2016இல் மறுகலவை செய்த பதிப்பை நல்ல ஹெட்ஃபோனில் போட்டு, ஆண்டர்சனின் குரலை விட்டுவிட்டு அதற்குக் கீழே மெல்லட்ரானும் (டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) சிந்தசைசரும் போகும் வழியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். ஆல்பம் முழுவதிலும் வேக்மன் மிக நன்றாக வாசித்திருப்பது இந்தப் பக்கத்தில்தான் என்பேன். மற்ற பக்கங்களில் ஓரமாக நின்று நிறம் பூசுகிறவர் இங்கே பாட்டையே சுமக்கிறார். பீர் சம்பளத்துக்குப் பக்கத்து அறைக்கு ஓடியவர், விண்டாலூ சாப்பிட்டவர், இன்றும் திட்டிக்கொண்டிருக்கிறவர், அவரேதான். நண்பனிடம் இதைச் சொன்னேன். "கீபோர்டை மட்டும் தனியாப் பிரிச்சு அனுப்பு, அப்பப் பாக்கலாம்" என்கிறான். பிரிக்கும் வித்தை தெரிந்தவன் அவன்தான். அவன்தான் எனக்கு அனுப்ப வேண்டும்.